அம்மாவுக்கு ஊர்ல கால் வீக்கம், ஸ்கேனை இங்கேருந்து வீடியோல டாக்டர் பாத்து சொல்ல முடியுமா?

பட்டுக்கோட்டை_பையன் | சனி, மாலை 6.12

வணக்கம் எல்லாருக்கும். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்கி வேற வழி தெரியல அதான் எழுதுறேன். அம்மாவுக்கு 67 வயசு, பட்டுக்கோட்டை பக்கம் கிராமம். மூணு வாரத்துக்கு முன்னாடி இடது முழங்கால் மாத்துற ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு வந்துட்டாங்க. ரெண்டு நாளா அந்தக் கெண்டைக்கால் வீங்கிக்கிட்டே வருது, தொட்டா சூடா இருக்காம், தங்கச்சி வீடியோ கால்ல ரெண்டு காலையும் சேத்து காட்டுனா, எனக்கே வித்தியாசம் நல்லா தெரியுது. ஆபரேஷன் பண்ண இடத்துக்கு போன் போட்டா "வீக்கம் சகஜம், காலைத் தூக்கி வைங்க"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

நான் யோசிச்சது இதுதான். போன்ல சொருகுற மாதிரி கையடக்க ஸ்கேன் மிஷின் இப்ப வருதுல்ல, சில ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி ஆகும், பரவால்ல. நாளைக்கு நைட்டு தெரிஞ்சவரு ஒருத்தரு திருச்சி பிளைட்ல போறாரு, அவருகிட்ட குடுத்து விட்டா தங்கச்சி அம்மா கால்ல வச்சு பாப்பா, இங்க சிங்கப்பூர் டாக்டர் ஒருத்தரு வீடியோல பாத்து சொல்லட்டும். இது நடக்கற காரியமா? யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

ஸ்கேன்ரூம்_அக்கா | சனி, மாலை 6.31

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், மொதல்ல இதப் படி. நான் இங்க ஒரு ஆஸ்பத்திரியில 14 வருஷமா ஸ்கேன் எடுக்கற வேலை பாக்கறேன். முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம், ஒரு கால் மட்டும் வீக்கம், சூடு. இதுல ஆழத்துல இருக்க ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கான்னு இன்னிக்கே பாத்தாகணும். நாளைக்கு நைட்டு பிளைட்டு, திங்கக்கிழமை மிஷின் போய் சேர்றதுன்னு தள்ளாத. கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து.

தங்கச்சிகிட்ட இப்பவே சொல்லு. காலுக்கு எண்ணெய் போட்டு நீவக்கூடாது, யாரு வந்து சொன்னாலும் கூடாது. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, இருமினா ரத்தம் வருதுன்னா ஸ்கேனும் வேணாம் வீடியோவும் வேணாம், நேரா 108க்கு போன் போட்டு எமர்ஜென்சிக்கு போகணும்.

பக்கத்துல ஸ்கேன் மிஷின் இருக்க ஆஸ்பத்திரி எது இருக்குன்னு கேட்டு சொல்லு.

பட்டுக்கோட்டை_பையன் | சனி, மாலை 6.44

அக்கா கை நடுங்குது எனக்கு. மூச்செல்லாம் நல்லா இருக்காம், சாப்டாங்களாம். எங்க சித்தப்பா மருமக டாக்டர், டவுன்ல சின்ன நர்சிங் ஹோம்ல வேலை பாக்குது, அங்க மிஷின் இருக்கு. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கேன் டாக்டர் தஞ்சாவூர் போயிடுவாராம். பேசிட்டு வர்றேன்.

காக்கிபுக்கிட் | சனி, மாலை 7.05

அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது ப்ரோ, கிளம்பச் சொல்லுங்க.

நீங்க கேட்ட கேள்விக்கு, வீடியோல பாத்து ஸ்கேன் பண்ண முடியுமான்னா, பூமிக்கு 400 கிலோமீட்டர் மேலேயே பண்ணிருக்காங்க. அனைத்துலக விண்வெளி நிலையத்துல எக்ஸ்ரே கிடையாது சிடி கிடையாது, அல்ட்ராசவுண்ட், அதான் நாம பேசிட்டிருக்க இந்த ஸ்கேன், அது மட்டும்தான். 2000கள்ல அங்க ஆராய்ச்சி நடந்துச்சு, டாக்டர் இல்லாத வீரர்களே ப்ரோப (உடம்பு மேல வச்சு நகர்த்தற ஸ்கேன் கருவி) பிடிப்பாங்க, கீழ இருந்து நிபுணர் படத்தப் பாத்துக்கிட்டே வழி சொல்லுவாரு, பேச்சும் படமும் ஒண்ணு ரெண்டு செகண்ட் தாமதமாத்தான் போகும், அப்பவும் டாக்டருங்க பாத்து முடிவு சொல்ற அளவுக்கு படம் கிடைச்சுது. அதவிட பெரிய விஷயம் 2020ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு. மேல போயி ரெண்டு மாசம் ஆன ஒரு வீரருக்கு கழுத்து ரத்தக்குழாய்ல கட்டி, வேற ஒரு ஆராய்ச்சிக்காக எடுத்த ஸ்கேன்ல தற்செயலா தெரிஞ்சிருக்கு. அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. கீழ இருந்து வழி சொல்லச் சொல்ல அவரே தன் கழுத்த ஸ்கேன் பண்ணி, மூணு மாசத்துக்கு மேல மருந்து எடுத்து, நல்லபடியா இறங்கி வந்துட்டாரு. படிச்சதுலேருந்து இந்த விஷயத்து மேல எனக்கு பெரிய நம்பிக்கை.

தெம்பனிஸ்_அம்மா | சனி, இரவு 7.30

நம்பிக்கை வைங்க, ஆனா எல்லாத்துக்கும் வைக்காதீங்க. எனக்கு போன வருஷம் வலது விலாவுக்கு கீழ வலி. ஊர்ல லீவுக்கு போனப்போ எடுத்த ஸ்கேன் படத்த போன்ல போட்டோ புடிச்சு வச்சிருந்தேன், இங்க வந்து ஆன்லைன்ல ஒரு டாக்டருகிட்ட அத அனுப்பி வீடியோல பேசினேன். பத்து நிமிஷம் கூட இல்ல, பித்தப்பையில ஒண்ணும் இல்ல, கேஸ் ட்ரபிள்னு சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ராத்திரி வலி தாங்காம ஆஸ்பத்திரிக்கு ஓடினா கல்லு. ஒண்ணு இல்ல, பல கல்லு. அந்த ரெண்டு மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

ஸ்கேன்ரூம்_அக்கா | சனி, இரவு 8.02

தெம்பனிஸ் அக்கா, நீங்க பட்டது கேக்கவே கஷ்டமா இருக்கு. அங்க நடந்தது ஸ்கேனே இல்லக்கா, ஒரு போட்டோ பாத்தது. பித்தப்பைக் கல்லு பாக்கணும்னா வெறும் வயித்துல வரச் சொல்வோம், அப்பதான் பை நெறஞ்சு நல்லா தெரியும். மல்லாக்கப் படுக்க வச்சு பாப்போம், அப்புறம் இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு திரும்ப பாப்போம். கல்லா இருந்தா உருண்டு இடம் மாறும், அதுக்குப் பின்னாடி கறுப்பா நிழல் விழும். பையோட கழுத்துல போயி ஒளிஞ்சிருக்க கல்லு, ஆள திருப்பினாத்தான் வெளிய வரும். நின்னு போன ஒரு படத்துல இதுல எது தெரியும் சொல்லுங்க?

இதத்தான் எல்லாருக்கும் சொல்லணும்னு இருக்கு எனக்கு. எக்ஸ்ரேவ எடுத்து ஊருக்கு அனுப்பலாம், சிடிய அனுப்பலாம், எங்கேருந்து பாத்தாலும் அதே படம்தான். அல்ட்ராசவுண்ட் அப்படி இல்ல. ப்ரோப் பிடிச்சிருக்க கை அந்த நேரத்துல எங்க வைக்குது, எவ்வளவு சாய்க்குது, எவ்வளவு அமுக்குதுங்கறதுதான் படமே. கை தப்பிட்டா கல்லு இருந்தும் தெரியாது, தெரியாததப் பாத்து தூரத்துல இருக்கறவரு "நார்மல்"னு சொல்லிடுவாரு. வீடியோ கண்ணக் கொண்டு போகும், கையக் கொண்டு போகாது. அதனால தூரத்து டாக்டர்கிட்ட "எல்லாம் நல்லா இருக்கா"ன்னு கேக்கறது தப்பான கேள்வி. "இந்த இடத்துல தண்ணி இருக்கா இல்லியா", "இந்தக் குழாய்ல கட்டி இருக்கா இல்லியா", இப்படி ஒத்தக் கேள்வியா இருந்தா, அங்க கொஞ்சம் பழகின கை இருந்தா, அருமையா வேலை செய்யும்.

ஈசூன்_பேரன் | சனி, இரவு 8.20

அக்கா சொல்றத நான் வீட்லயே பாத்தேன். என் பாட்டிக்கு 81, இருதயம் வீக்கு, இங்க ஈசூன்ல நாலறை வீட்ல எங்க கூடத்தான் இருக்காங்க. ஆஸ்பத்திரி படுக்கைக்கு பதிலா வீட்லயே வச்சு பாத்துக்கற திட்டத்துல சேத்தாங்க, அது 2024 ஏப்ரல்லேருந்து நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல வழக்கமான சேவையா ஆயிடுச்சு. தாதி ஒருத்தவங்க வந்தாங்க, கையில ஷேவர் மிஷின் சைஸ்ல ஒரு ப்ரோப், அத டேப்லட்ல சொருகி பாட்டி முதுகுல ஜெல் போட்டு வச்சாங்க, டாக்டர் அந்தப் பக்கம் வீடியோல. பாட்டி "குளுருது"ன்னு நெளியிறாங்க. நான் ஸ்கிரீன எட்டிப் பாத்தேன், மேலேருந்து கீழ வரைக்கும் டார்ச் அடிச்ச மாதிரி வெள்ள வெள்ளையா கோடு இறங்குது. நுரையீரல்ல தண்ணி கோத்திருந்தா அப்படித் தெரியும்னு டாக்டர் எனக்கு வெளக்கினாரு. தண்ணி இறங்கற மாத்திரைய கூட்டினாங்க, ரெண்டு நாள் கழிச்சு அதே எடத்துல வச்சப்போ கோடு ரெண்டோ மூணோதான். பாட்டிய தூக்கி வீல்சேர்ல வச்சு லிப்ட்ல இறக்கி டாக்ஸி புடிச்சு அங்க போயி நாலு மணி நேரம் உக்கார வைக்கற பாடு இல்லாம போச்சு. அந்தத் தாதிக்கு நான் இன்னும் நன்றி சொல்லி தீக்கல.

பட்டுக்கோட்டை_பையன் | சனி, இரவு 8.41

பேசிட்டேன். அண்ணி நர்சிங் ஹோம்லயே இருக்கு, அம்மாவ கார்ல கூட்டிட்டு கிளம்பிட்டாங்க, முக்கா மணி நேரம் ஆகும். அண்ணிக்கு ஸ்கேன் ட்ரெயினிங் முடிச்ச சர்டிபிகேட்டும் பதிவும் இருக்கு, ஆனா பாத்ததெல்லாம் வயிறு ஸ்கேன்தான், கால் ரத்தக்குழாய் தனியா பாத்து முடிவு சொல்ல தைரியம் இல்லங்குது. தஞ்சாவூர் ஸ்கேன் டாக்டர் வீடியோல வந்து வழி சொல்றேன்னு ஒத்துக்கிட்டாரு. ரத்த டெஸ்ட் ஒண்ணு இருக்காமே, அது எடுத்தா போதாதா? அப்புறம் அந்த கையடக்க மிஷினையும் வாங்கி அனுப்பிடவா, அடுத்த தடவைக்கு ஆகும்ல?

ஸ்கேன்ரூம்_அக்கா | சனி, இரவு 8.50

அந்த ரத்த டெஸ்ட் ஆபரேஷன் ஆனவங்களுக்கு எப்படியும் கூடத்தான் காட்டும், அதவச்சு இப்ப ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ஸ்கேன்தான். அண்ணியும் தஞ்சாவூர் டாக்டரும் சேந்து பாக்கறது நல்ல ஏற்பாடு.

மிஷின் அனுப்பற பேச்ச மட்டும் விட்டுடு தம்பி, இது ரொம்ப முக்கியம். இந்தியாவுல கருவுல ஆணா பொண்ணான்னு பாத்து சொல்றதத் தடுக்க 1994ல சட்டம் போட்டாங்க, 2003ல இன்னும் கடுமையா திருத்தினாங்க. ஸ்கேன் மிஷின் எதுவா இருந்தாலும் பதிவு பண்ண இடத்துலதான் இருக்கணும், பதிவு இல்லாதவங்களுக்கு விக்கவே கூடாது. நீ காலுக்குத்தான் வாங்கினேன்னு சொன்னாலும் அந்தப் ப்ரோப் வயித்துலயும் வைக்கக்கூடியதுதானே. மொத தடவை குத்தத்துக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் சொல்ற சட்டம் அது. திருச்சி கஸ்டம்ஸ்ல அந்த தெரிஞ்சவரு மாட்டிக்கிட்டு முழிக்கணும், அதுக்கப்புறம் தங்கச்சி. பொண் குழந்தைங்கள காப்பாத்த வந்த சட்டம், அத நான் குறை சொல்ல மாட்டேன், நமக்கு ஒரு வழி அடைபட்டாலும் சரி.

இன்னொண்ணு, இங்க இருக்க டாக்டர் அங்க இருக்க நோயாளிக்கு நேரா மருந்து எழுதறதும் சரி வராது. இந்தியாவோட தொலைமருத்துவ வழிகாட்டி 2020 மார்ச்ல வந்தது, அது அங்க பதிவு பண்ண டாக்டருங்களுக்குத்தான். இங்கயும் 2023லேருந்து வீடியோல வைத்தியம் பாக்கறதுக்கு கிளினிக்குக்கு உரிமம் வேணும். அண்ணி மாதிரி ஒரு டாக்டர் அங்க பொறுப்பா இருந்து, இன்னொரு டாக்டருகிட்ட அபிப்பிராயம் கேட்டா அதுதான் முறை.

நெட்வொர்க்_தம்பி | சனி, இரவு 8.58

நான் ஐடி வேலை, வீடியோ சம்பந்தப்பட்டது. இன்னும் முக்கா மணி நேரம் இருக்குன்னா அண்ணிகிட்ட இதச் சொல்லிடுங்க ப்ரோ, அவசரமா டைப் பண்றேன் தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க.

ஸ்கேன் ஸ்கிரீன போன் கேமராவால புடிச்சு காட்டாதீங்க, டியூப் லைட் எதிரொளிக்கும், போன் தானா வெளிச்சத்த கூட்டி குறைக்கும், கறுப்பா தெரிய வேண்டியது சாம்பலாயிடும். மிஷின் பின்னாடி எச்டிஎம்ஐ அவுட் இருந்தா ஒரு கேப்சர் கார்டு போட்டு லேப்டாப்ல எடுத்து அத ஷேர் பண்ணுங்க. ஷேர் பண்ணும்போது வீடியோவுக்கு ஏத்தமாதிரி அனுப்புன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத டிக் பண்ணலன்னா ஆப் அத பவர்பாயிண்ட்னு நெனச்சு செகண்டுக்கு நாலஞ்சு படம்தான் அனுப்பும், ஓடற படம் தத்தி தத்தி வரும். இன்னொரு விஷயம், அல்ட்ராசவுண்ட் படத்துல பொடிப் பொடியா மணல் தூவுன மாதிரி இருக்கும்ல, வீடியோவ சுருக்கற சாஃப்ட்வேர் அத இரைச்சல்னு நெனச்சு வழவழன்னு ஆக்கிடும். நெட்டு மெதுவா இருந்தா இன்னும் மோசம். அதனால வைஃபை வேணாம், ஒயர். இறக்கற வேகம் முக்கியம் இல்ல, ஏத்தற வேகம்தான், நிலையா 3, 4 எம்பி இருந்தா போதும்.

ரெண்டாவது போன் ஒண்ணு கண்டிப்பா வேணும், அது அண்ணி கையையும் ப்ரோபையும் மட்டும் காட்டணும். பின் கேமரா. செல்ஃபி கேமராவா இருந்தா அண்ணிக்கு தன் கையே கண்ணாடில பாக்கற மாதிரி இடவலம் மாறித் தெரியும், டாக்டருக்கு நேரா தெரியும், ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குவாங்க. ஸ்கிரீன்ல அம்மா பேரு வயசு வர்றத மறைச்சுடுங்க.

ஸ்கேன்ரூம்_அக்கா | சனி, இரவு 9.06

நெட்வொர்க் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒண்ணே ஒண்ணு சேக்கறேன். பேச்சு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் வார்த்தைய ஒத்துக்கணும். "கொஞ்சம் மேல"ன்னு டாக்டர் சொன்னா, தலைப் பக்கமா, இல்ல தோல விட்டு மேல தூக்கறதா? இங்க புதுசா வர்றவங்களுக்கு வழி சொல்லிக் குடுக்கும்போது அரை மணி நேரம் இதுலயே போகும். மேல கீழ சொல்லாம தலைப்பக்கம், கால்பக்கம், உள்பக்கம், வெளிப்பக்கம்னு சொல்லுங்க. கைக்கு அஞ்சே அசைவு, நகர்த்து, சாய், ஆட்டு, திருப்பு, அமுக்கு. டாக்டர் "நில்லு"ன்னா அப்படியே நிக்கணும், கை எடுக்கக்கூடாது. ப்ரோப்ல ஒரு பக்கம் சின்ன மேடு இருக்கும், அது எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு மொதல்லயே சொல்லிடணும்.

கால் ரத்தக்குழாய்க்கு தட்டையான முகம் இருக்க ப்ரோப், வயித்துக்கு வைக்கற வளைஞ்சது இல்ல. நல்லா இருக்க சிரை மேல ப்ரோப அமுக்கினா ரப்பர் குழாய் மாதிரி சப்பையா மூடிக்கும். கட்டி இருந்தா மூடாது. பக்கத்துல இருக்க தமனி துடிக்கும், அது அவ்வளவு சுலபத்துல மூடாது, அதப் பாத்து பயந்துடக்கூடாது. தொடை இடுக்குலேருந்து முழங்கால் பின்பக்கம் வரைக்கும் ஒவ்வொரு விரக்கட தூரத்துக்கும் அமுக்கி அமுக்கி வரணும். ஒவ்வொரு இடத்துலயும் நாலஞ்சு செகண்ட் கிளிப் மிஷின்லயே சேவ் பண்ணச் சொல்லு. லைவ் வீடியோ கைய நடத்தறதுக்கு, முடிவ அந்த ஒரிஜினல் கிளிப்பப் பாத்து சொல்லட்டும்.

தெம்பனிஸ்_அம்மா | சனி, இரவு 10.15

தம்பி என்ன ஆச்சு? முருகா, நல்லபடியா இருக்கணும்.

பட்டுக்கோட்டை_பையன் | சனி, இரவு 11.52

கட்டி இருக்கு. முழங்கால் பின்பக்கம். மொத ஊசி போட்டாச்சு, அம்மா அங்கயே அட்மிட்.

இப்பதான் கொஞ்சம் உக்காந்தேன், எழுதறேன். அம்மாவும் ரெண்டு டாக்டரும் சம்மதிச்சாங்க, நான் வாயத் தொறக்காம வீடியோ கால்ல இருந்தேன். கேப்சர் கார்டு கிடைக்கல, கல்யாண வீடியோ எடுக்கற பையன் ஒருத்தன் பக்கத்துத் தெரு, அவன்கிட்ட இருந்துச்சு, தங்கச்சி வீட்டுக்காரரு ஓடிப்போயி வாங்கிட்டு வந்தாரு. அண்ணி மொதல்ல தொடைக்கிட்ட வச்சுச்சு, ரெண்டு கறுப்பு வட்டம் தெரிஞ்சுது. தஞ்சாவூர் டாக்டர் "அமுக்குங்க"ன்னாரு, ஒரு வட்டம் கண்ண மூடுற மாதிரி மூடிக்கிச்சு, விட்டதும் தொறந்துச்சு. "நல்லா இருக்கு, கால்பக்கம் நகர்த்துங்க." இப்படியே பத்துப் பன்னெண்டு தடவை. நான் சாமி கும்பிட்டுக்கிட்டே பாக்கறேன். அம்மாவ ஒருக்களிச்சு படுக்க வச்சு முழங்காலுக்குப் பின்னாடி வச்சாங்க. "அமுக்குங்க." மூடல. "இன்னும் கொஞ்சம்." மூடல. படம் ஒரு செகண்ட் உறைஞ்சு நின்னுச்சு, எனக்கு நெட்டுதான் பிரச்சனையோன்னு ஒரு ஆசை. திரும்ப ஓடுச்சு, அந்த வட்டம் அப்படியே இருக்கு, உள்ள சாம்பலா ஏதோ அடைச்சுக்கிட்டு. டாக்டர் "நில்லுங்க, கிளிப் எடுங்க"ன்னாரு. அண்ணி கை அசையவே இல்ல. அம்மா கேட்டாங்க, "என்னாடி, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?"

கிளிப்ப தனியா வாங்கி பாத்து பதினஞ்சு நிமிஷத்துல ரிப்போர்ட் அனுப்பிட்டாரு. நுரையீரலுக்கு போகலன்னு நெனைக்கறாங்க, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் சரியா இருக்கு. அக்கா, நீங்க மட்டும் இன்னிக்கேன்னு சொல்லலன்னா நான் திங்கக்கிழமை வரைக்கும் பிளைட்டுக்கு காத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

ஸ்கேன்ரூம்_அக்கா | ஞாயிறு, காலை 6.20

நைட்டு ஷிப்ட் முடிச்சு பஸ்ல வரும்போது படிச்சேன் தம்பி, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உன் அண்ணிக்கு என் வணக்கத்த சொல்லு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லி ஆளக் கூப்ட்டுச்சு பாரு, அந்த மனசு எல்லா டாக்டருக்கும் வராது.

ஈசூன்_பேரன் | ஞாயிறு, காலை 9.10

அம்மா சீக்கிரம் நடக்கணும் ப்ரோ. பாட்டிகிட்ட கதைய சொன்னேன், உங்க அம்மா பேருல வீரமாகாளியம்மனுக்கு வெளக்கு ஏத்தச் சொல்லிட்டாங்க, சாயங்காலம் தேக்கா போறேன்.

பட்டுக்கோட்டை_பையன் | வியாழன், இரவு 9.35

லீவு போட்டு செவ்வாக்கிழமையே வந்துட்டேன், இப்ப அம்மா பக்கத்துல உக்காந்துதான் எழுதறேன். வீக்கம் இறங்கிக்கிட்டு வருது, வாக்கர் புடிச்சு பாத்ரூம் வரைக்கும் நடக்கறாங்க. ரத்தம் இளகற மாத்திரை குறைஞ்சது மூணு மாசம்னு சொல்லிருக்காங்க. மிஷின் ஆர்டர கேன்சல் பண்ணிட்டேன். அந்த காசுல நர்சிங் ஹோமுக்கு ஒரு நல்ல கேப்சர் கார்டு, போன் நிக்கற ஸ்டாண்டு, ஸ்கேன் ரூமுக்கு ஒயர் இழுக்கற செலவு எல்லாம் குடுத்தேன், அண்ணி மொதல்ல வேணாம்னுச்சு, அப்புறம் வாங்கிக்கிச்சு. அக்கா, அடுத்து என்ன கேக்கணும் நான்?

ஸ்கேன்ரூம்_அக்கா | வியாழன், இரவு 10.02

அன்னிக்கி எடுத்த கிளிப் எல்லாத்தையும் பென்டிரைவ்ல வாங்கி பத்திரமா வை, பிரிண்ட் எடுத்த பேப்பர் போதாது. மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி திரும்ப ஸ்கேன் பாக்கணும்னு டாக்டர் சொன்னா, பழைய கிளிப்பையும் பக்கத்துல வச்சு பாக்கட்டும், ஏன்னா கட்டி கரைஞ்ச பிறகும் அந்த இடத்துல தழும்பு மாதிரி தடிப்பு இருக்கலாம், பழசு இல்லன்னா அத புதுக் கட்டின்னு நெனச்சுடுவாங்க. பல்லு புடுங்கப் போனாலும் சரி, வேற எதுக்கு போனாலும் சரி, இந்த மாத்திரை சாப்பிடறாங்கன்னு மொதல்லயே சொல்லணும். வலிக்கு கடையில தானா மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. அம்மா தூங்கிட்டாங்களா?

பட்டுக்கோட்டை_பையன் | வியாழன், இரவு 10.09

இல்லக்கா, முழிச்சிருக்காங்க. யாருகிட்ட எழுதறேன்னு கேட்டாங்க, சொன்னேன். ஊருக்கு வந்தா கட்டாயம் வீட்டுக்கு சாப்ட வரணுமாம்.